பீரோவுக்குள் வைத்த நீர்நாய் எச்சம்

நான் சொன்னதில் பாதியை மட்டுமே நம்பிய என் அன்பு அக்கா ரோசலினுக்கு,

கல்லறைத் திருநாளுக்கு உனக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து எழுதுகிறேன். நேற்றுக் காற்றில் எல்லார் மெழுகுவர்த்தியும் அணைந்துவிட்டது, நான் ஏற்றியது மட்டும்தான் நின்றது. சரி, பக்கத்தில் இன்னும் சிலதும் எரிந்தன.

நான் எதைச் சொன்னாலும் நீ சாப்பிட்ட கையைத் தூக்கி, “பாதிய கொறச்சிட்டுச் சொல்லுடா” என்பாய். அந்தக் கை போன பிறகு ஆரணியில் என்னைத் தடுக்க ஆளில்லை. உன் மகள் பிரின்சி பட்டணத்தில் பெரிய விஞ்ஞானி என்று பஸ் ஸ்டாண்டுவரை சொல்லிவைத்திருக்கிறேன். அவள் உண்மையில் என்ன செய்கிறாள் தெரியுமா? ஆறு ஆறாகப் போய் நீர்நாய் எச்சம் பொறுக்குகிறாள்.

போன மாதம் போன் செய்து, “மாமா, நம்ம ஆத்துல நீர்நாய் இருக்குதா?” என்று கேட்டாள்.

“இருக்குதாவா? கூட்டங்கூட்டமா வந்துகினு இருக்குதும்மா. என்னப் பாத்தா நின்னு வணக்கம் வெச்சிட்டுத்தான் போவும்.”

நான் பார்த்தது ஒன்றுதான் அக்கா. நல்ல மழைக்குப் பிறகு, தடுப்பணை ஓரத்தில். அதிலும் முதுகு மட்டும்.

“தண்ணியையே மொண்டு பாக்கலாமே, அது பின்னால எதுக்கும்மா போற?” என்று கேட்டேன்.

“தண்ணி இன்னைக்கு இருக்கும், நாளைக்கு ஓடிடும் மாமா. சில விஷம் லேசுல அழியாது. வயலுக்கு அடிச்சது, சாயத்துல போனது, குப்பைய எரிச்சது, எதுல இருந்து வந்தாலும் பூச்சிக்குப் போய், மீனுக்குப் போய், கடைசில மீன் தின்ற நீர்நாய்க்கிட்ட சேருது. அது அங்கயே தின்னுகினு அங்கயே கெடக்குது. அத தொடாம, தொந்தரவு பண்ணாம, எச்சத்த வெச்சே ஆறு எப்படி இருக்குதுன்னு கொஞ்சம் தெரிஞ்சிக்கலாம்.”

அன்று முழுக்க எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் யோசித்துப் பார். வாயில்லாத பிராணி, தின்றதை வைத்தே சாட்சி சொல்கிறதே. அதற்குத் தெரியுமா, தன் உடம்புக்குள் என்ன சேர்கிறது என்று?

மறுநாள் தடுப்பணைக்குப் போனேன். பாறைமேல் இருந்தது, கருப்பாக. உள்ளே மீன் செதில் வெயிலில் ஜரிகை மாதிரி மின்னியது. மழை கட்டிக்கொண்டு வந்தது. விட்டால் கரைந்துவிடும் என்று எடுத்துவந்துவிட்டேன். விலை உயர்ந்த பொருளை நம் வீட்டில் எங்கே வைப்போம்? மல் துணியில் சுற்றி, பீரோவில், உன் கல்யாணப் பட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். பூச்சி அரிக்கக் கூடாதே என்று கைநிறையப் பாச்சை உருண்டையும் போட்டேன்.

எச்சத்தை வாங்கிப்போகப் பிரின்சி வந்து பீரோவைத் திறந்தாள். மூக்கைச் சுருக்கினாள்.

“மாமா, பாச்சை உருண்டை போட்டீங்களா?”

“ஒண்ணு ரெண்டு இல்லம்மா. தாராளமா போட்டிருக்கேன்.”

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “நான் தேடுற விஷத்துல இந்த உருண்டையோட சொந்தக்காரங்களும் இருக்காங்க மாமா. இத மிஷின்ல வெச்சா ஆறு தெரியாது. உங்க பீரோதான் தெரியும்.”

உன் தம்பி பெண்டாட்டி எஸ்தர் அடுப்படியிலிருந்து, “இவரு பெரும இத்தினி நாளு ஊருக்குத்தான் தெரியும். இனிமே மிஷினுக்கும் தெரியட்டும்” என்றாள்.

பிரின்சி சிரித்தாள், ஆனால் முகம் சரியில்லை. மறுநாள் அவள் திரும்ப வேண்டும். புது எச்சம் கிடைக்காவிட்டால் அவள் வரைபடத்தில் நம் ஆறு வெறும் கோடாகத்தான் இருக்குமாம். மற்ற ஆறுகளுக்கெல்லாம் பதில் இருக்கும், நமக்கு மட்டும் இருக்காது.

விடியும் முன்பே இருவரும் போனோம். மழை பாறைகளைத் துடைத்து வைத்திருந்தது. “பேசாம இருங்க மாமா” என்றாள். நான் பேசாமல் இருந்தேன் அக்கா. இதை நீ பாதியாகக் குறைக்க வேண்டாம், எஸ்தரே இன்னும் நம்பவில்லை.

வெயில் ஏறும் நேரத்தில் தண்ணீர் பிளந்தது. வாயில் மீனோடு ஒரு தலை. கன்றுக்குட்டி அளவு. சரி, கையை இறக்கு, நம் தெரு நாய் அளவு. கரையேறித் தின்றது. எங்களை ஒரு பார்வை பார்த்தது, ‘உங்களுக்கு இங்கே என்ன வேலை’ என்பதுபோல. போகும்போது பாறைமேல் வேண்டியதை வைத்துவிட்டுப் போனது. பிரின்சி சுத்தமான கரண்டியால் எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் போட்டாள். பிளாஸ்டிக்கும் ஆகாதாம். என்னை அந்தப் பக்கமே அண்டவிடவில்லை.

குப்பியை மூடும்போது அவள் கேட்டாள்: “சின்ன வயசுல அம்மா வாங்குன மீனு இந்த ஆத்துதுதான மாமா?”

எனக்கு உன் குரல் கேட்டது. மீன்காரம்மாவிடம் நீ ஒவ்வொரு முறையும், “இது எந்தத் தண்ணி மீனு?” என்பாய். அவள் முழிப்பாள். நான் குறுக்கே புகுந்து, “நம்ம ஆத்துத் தண்ணி பன்னீரு அக்கா, ஜல்தியா வாங்கு” என்பேன். நீ என்னைப் பார்ப்பாய், மீனைப் பார்ப்பாய், வாங்குவாய். அதைத் தின்றுதான் பிரின்சி வளர்ந்தாள். எஸ்தர் இன்றைக்கும் அதைத்தான் குழம்பு வைக்கிறாள்.

பன்னீர் என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஒருவரும் சொல்லவில்லை. இப்போது எனக்கே தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருக்கிறது. கெட்டது என்று வந்தால் நாங்கள் மீனை மாற்றிக்கொள்வோம். அந்த நீர்நாய் எந்தக் கடைக்குப் போகும்?

முடிவு வர நாளாகுமாம். அதுவரை தடுப்பணையைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. புதிதாக எச்சம் கண்டால் தொடாமல் பிரின்சிக்குப் போன் செய்வேன். முடிவு வந்த அன்று முதலில் உன் கல்லறைக்குத்தான் வருவேன். நல்லதோ கெட்டதோ, அவள் வாயிலிருந்து வந்ததை அப்படியே சொல்வேன். அன்று ஒரு நாள் நீ கையைத் தூக்க வேண்டியிருக்காது.

உன் கேள்விக்குப் பதில் பாக்கி வைத்திருக்கும் தம்பி,
பிரின்சியின் தாய்மாமன்,
சூசை