அடுத்த வீட்டு வாசலில் ஸலாம்

இன்று காலை அலுவலகக் கணினியின் கறுப்புத் திரையில் அந்த வரி மறுபடியும் வந்தது: தரவுத்தள சேர்வருடன் இணைக்க முடியவில்லை. சேர்வர் தூரத்தில் இல்லை, அதே கணினிக்குள்தான் இருக்கிறது. கொழும்பிலிருந்து ஆள் கூப்பிடலாமா என்று முகாமையாளர் கேட்டார். எனக்கு உன் குரல்தான் கேட்டது.

திரையில் வரும் பிழைகளை நீ மனிதர்களாகவே பார்த்தாய். இணைக்க முடியவில்லை என்றால், ஸலாம் சொல்லியும் பதில் வராத வாசல். "ஒண்டில் ஊட்டுல ஆளில்ல. இல்லாட்டி நாம அடுத்த ஊட்டு வாசல்ல நிக்கிறம்" என்பாய். கடவுச்சொல் பிழை என்று வந்தால் உனக்குச் சந்தோஷம். "ஆள் இரிக்கி புள்ள. ஆரெண்டு கேக்கிறாங்க."

பல்கலைக்கழகத்தில் நம் இருவருக்கும் ஒரே செயற்திட்டம். தட்டச்சு செய்வது நான், கதைப்பது எப்போதும் நீ. இறுதிப் பரீட்சையன்று விரிவுரையாளர்கள் முன்னால் சேர்வர் பதில் தரவில்லை. செயற்திட்டம் ஓடாவிட்டால் இன்னொரு வருடம் படிக்க வேண்டும். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். வாப்பாவிடம் என்ன சொல்வேன்?

சேர்வர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. முந்தின நாள் புதிய பதிப்பைப் போட்டபோது சேர்வரின் வாசல் இலக்கமான போர்ட் இலக்கத்தின் கடைசி எண் மாறியதைக் கவனித்திருந்தேன். புதிய இலக்கத்தைக் கொடுத்தேன். கடவுச்சொல் பிழை என்று வந்தது. இருவரும் சிரித்துவிட்டோம்.

"இதுவும் பிழைதானே, என்ன சிரிப்பு?" என்றார் ஒரு விரிவுரையாளர்.

வழக்கம்போல உன்னைப் பார்த்தேன். நீ முக்காட்டைச் சரிசெய்தபடி மெதுவாகச் சொன்னாய்: "கண்டுபுடிச்சது நீ. நீயே கதை."

கதைத்தேன். முதல் வரி எனக்கே கேட்கவில்லை. அடுத்த வீட்டு வாசலில் ஸலாம் சொன்ன கதையை அப்படியே சொன்னேன். அவரும் சிரித்தார். சரியான கடவுச்சொல்லைக் கொடுத்ததும் நம் அட்டவணைகள் வரிசையாகத் திறந்தன. சாய்ந்தமருது வரை பஸ்ஸில் ஏறிய தெரிந்தவர்களுக்கெல்லாம் நீ கல்யாணச் செய்தி போலச் சொல்லிக்கொண்டு வந்தாய்: "இண்டைக்கு இவதான் கதைச்சா."

பட்டமளிப்புக்கு முன்னமே காய்ச்சலில் நீ மௌத்தாகி எங்களை விட்டுப் போனாய். பட்டமளிப்பன்று வாப்பா என் கறுப்பு அங்கியைத் தொட்டுப் பார்த்து அழுதபோது, அந்தப் பெருமையில் உன் பங்கை அவருக்குச் சொன்னேன்.

இன்று உண்மையிலேயே வீட்டில் ஆளில்லை. மின்சாரம் போய் வந்ததில் சேர்வர் எழும்பாமல் கிடந்தது. எழுப்பிவிட்டேன். எப்படிச் செய்தேன் என்று எல்லோருக்கும் விளங்கப்படுத்தச் சொன்னார் முகாமையாளர். கதிரைகள் என் பக்கம் திரும்பின. யாரையும் தேடிப் பார்க்காமல் எழுந்து நின்று கதைத்தேன். பின்வரிசை வரை கேட்டது.