தூக்காமல் போகிற வழி

என் சரசு அக்காவுக்கு, கொள்ளை அன்போடும் ஆறாத கோபத்தோடும் புஷ்பம் எழுதுவது.

நீ போய் ஐந்து மாதம் ஆகிவிட்டது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து மூன்று வாரம். தெருவில் கட்டிய காகிதத் தோரணம் மழையில் சாயம் போய் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது, கழற்ற ஒருவருக்கும் நேரமில்லை. உனக்கு நல்ல சேதியாகச் சொல்லலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் இந்த ஊர்ப் பெரிய மனிதர்களை நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது, அக்கா. அதைக் கொட்டிவிட்டுத்தான் மற்றது.

இதைப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே உன்னிடம் சொல்லுவேன், பொறுத்துக்கொள். பத்து வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து உன் இரண்டு காலும் போயின. டீச்சர் ஆகவேண்டும் என்று படித்தாய். பள்ளிக்கூடத்து வாசலில் மூன்று படி. "படியேற முடியாதவள் எப்படிப் பாடம் நடத்துவாள்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். காஜா பேராங்கில் நம் வீட்டு முன்னறையில் பெஞ்சு போட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுத்தாய். அப்பா எங்கெங்கோ அலைந்து வாங்கிவந்த சக்கர நாற்காலியை உன் கையாலேயே உருட்டுவாய். உன் கைப்பலம் எனக்கு ஏது?

ஆனால் உருட்ட விட்டால்தானே! ஒரு படியைக் கண்டு நீ நின்றால் போதும், எங்கிருந்தோ ஆண்கள் ஓடிவருவார்கள். தூக்கட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. "பாவம், தூக்கு தூக்கு" என்று ஆளுக்கொரு பக்கம் பிடிப்பார்கள். நாற்காலியைப் பிடிக்கிறேன் என்று இடுப்பைப் பிடிப்பான் ஒருவன். இறக்கிவிட்ட பிறகு உன் முகத்தைப் பார்க்கமாட்டார்கள், சுற்றி நிற்கிறவர்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அந்தத் திருப்தியை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

நான் மட்டும் யோக்கியமா? போன வருஷம் பாண்டார் ஹிலிர் திடலில் சுதந்திரத் தேதியை அறிவித்த அன்று என்ன செய்தேன்? கூட்டம் நெருக்கித் தள்ளியது. திடல் ஓரத்துச் சாக்கடையைத் தாண்ட முடியாமல் நின்றோம். "திரும்பிடலாம் புஷ்பம்" என்றாய் நீ. எனக்குத்தான் பார்த்தே ஆகவேண்டும் என்ற வெறி. "அண்ணே, கொஞ்சம் தூக்கிவிடுங்க" என்று கூப்பிட்டவள் நான்தான். நாலு பேர் உன்னைத் தலைக்கு மேலே தூக்கினார்கள். கூட்டம் கைதட்டியது. உன் புடவை விலகியது. இழுத்துவிட உனக்குக் கை இல்லை, விழாமல் இருக்க இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்திருந்தாய்.

வீட்டுக்கு வந்து இரண்டு தரம் குளித்தாய். தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாய்:

"நாலு பேரு தூக்குறது மனுசனுக்கு ஒரு தடவதான் புஷ்பம். எனக்கு மாசத்துக்கு ஒரு தடவ நடக்குது."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. "உதவிதானே பண்ணாங்க" என்று உன்னிடமே வாயாடினேன். இப்போது கேட்கிறேன். இனிமேல் கேட்டு என்ன பிரயோசனம், நீயே சொல்.

மறுவாரமே ஒரு நோட்டைத் திறந்து முதல் பக்கத்தில் 'தனியே போகும் வழி' என்று எழுதினாய். நாற்காலியில் இருக்கும் ஒருத்தி, துணை இல்லாமல், யார் கையும் மேலே படாமல், மலாக்காவைச் சுற்றிப் பார்த்து வீடு திரும்பவேண்டும். அவ்வளவுதான் உன் ஆசை. படியின் உயரத்தை விரலால் அளந்தாய். இரண்டு விரல் என்றால் ஏறலாம், நாலு விரல் என்றால் சுற்றிப் போ. கடைகளுக்கு முன்னால் இருக்கும் அஞ்சடி நடைபாதையை நம்பாதே என்று எழுதினாய். ஒரு கடையின் தரை ஒரு மட்டம், அடுத்த கடையின் தரை வேறு மட்டம். ஆகவே சாலையோடு போகவேண்டும். வெயிலுக்கு ஒதுங்கவோ கடைக்குள் போகவோ நினைத்தால் நடுவில் சாக்கடை, ஊர்ப்பேச்சில் லோங்காங்.

அங்கேதான் நீ பலகையைக் கண்டுபிடித்தாய். சாமான் இறக்குவதற்காகக் கடைக்காரர்கள் சாக்கடைமேல் பலகை போடுவார்கள், வேலை முடிந்ததும் எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள். தினமும் அதைத் தாண்டிப் போகிற எனக்குக் கண்ணில் படவில்லை, உனக்குப் பட்டது. எந்தக் கடையில் எத்தனை மணிக்குப் பலகை இருக்கும் என்று விசாரித்து எழுதினாய். அந்த நேரங்களைக் கோத்துத்தான் உன் வழியே உருவானது.

ஜாலான் துக்காங் எமாஸில் மசாலைக் கடை வைத்திருக்கும் ராவுத்தர் பாய் ஒருவர்தான் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. "நீங்க வர்ற நாளைக்கு லோங்காங் பலகைய எடுக்கமாட்டேன் தங்கச்சி. ஆளுங்க யாரும் தூக்க வந்தா நான் சத்தம் போடுறேன்" என்றார். கம்போங் செட்டி முனையில் குடியிருக்கும், பல தலைமுறையாக மலாயே பேசும் செட்டிக்காரருக்குத் தமிழ் வராது. நீ மலாயில் விளக்கியதைக் கேட்டுவிட்டு, தன் வீட்டுப் பலகையையே சந்து முனையில் ஆணி அடித்து நிரந்தரமாகப் போட்டுவிட்டார். நன்றி சொன்னதற்கு "திடாப்பா, திடாப்பா", அதாவது பரவாயில்லை, என்று கையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கோயிலும் பள்ளிவாசலும் இருக்கும் தெரு, ஆற்றுப்பாலம், செங்கட்டடம், மணிக்கூண்டு, கடலோரம், பழைய கோட்டை வாசல். ஒரு வருஷம் உருட்டி உருட்டிச் சரிபார்த்தாய். கோட்டைக்குப் பின்னால் உள்ள மலைமேல் போகாதே, எல்லாம் படி, கீழே இருந்து பார்த்தால் போதும் என்று முடித்திருந்தாய். சித்திரையில் காய்ச்சல் வந்தது, ஒரே வாரத்தில் போய்விட்டாய்.

உன் பதினாறாம் நாளுக்குச் சுதந்திர விழாக் குழுவின் செயலாளர் வந்தார். துண்டால் கண்ணைத் துடைத்தார். "ஊர் பாக்க வர்ற நம்ம ஆளுங்களுக்கு அச்சடிச்சுக் குடுப்போம்மா. அக்கா பேரு நிக்கும்" என்றார். அந்த அழுகையை நம்பி நோட்டைக் கொடுத்தேன்.

அச்சாகி வந்ததைப் பார்க்கவேண்டுமே! 'மலாக்கா கண்டு மகிழ்வீர்' என்று தலைப்பு. பலகையைப் பற்றி ஒரு வரி இல்லை. விரல் அளவு இல்லை. வழி நேரே மலைமேல் ஏறுகிறது, அங்கிருந்து கடல் அழகாகத் தெரியுமாம். 'படிகள் உள்ள இடங்களில் நம் இளைஞர் படை நாற்காலியோடு தூக்கிச் செல்லும்' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே, 'ஊனத்தை வென்ற சகோதரி சரஸ்வதியின் நினைவாக'.

எது உனக்கு ஆகாதோ அதையே செய்து, அதன் அடியில் உன் பெயரை ஒட்டியிருக்கிறார்கள். சாப்பாட்டில் புழுவைப் பார்த்தமாதிரி இருந்தது எனக்கு.

உன் காலி நாற்காலியை உருட்டிக்கொண்டு குழு கூடுகிற மண்டபத்துக்குப் போனேன். வாசலில் இரண்டு படி. இளைஞர் படை ஓடிவந்து, யாருமே உட்காராத நாற்காலியைக்கூட என்னைக் கேட்காமல் தூக்கி உள்ளே வைத்தது. செயலாளரிடம் தாளை நீட்டினேன்.

"அக்கா யாரும் தூக்கக்கூடாதுன்னுதான் எழுதினாங்க. நீங்க தூக்குறோம்னு போட்டிருக்கீங்க."

"என்னாம்மா, சேவை செய்ய வர்ற பிள்ளைங்களப் போயி இப்படிப் பேசுறீங்க? தூக்கினா என்னா குறைஞ்சிடும்?"

"அப்போ நீங்க உக்காருங்கய்யா. தூக்கட்டும், பார்ப்போம்."

உட்கார்ந்தார். நாலு பேர் தலைக்கு மேலே தூக்கினார்கள். கூனிக் குறுகுவார், புத்தி வரும் என்று காத்திருந்தேன். அக்கா, அந்த மனுஷன் சிரிக்கிறார்! மாப்பிள்ளை ஊர்வலம் போகிற மாதிரி இரண்டு பக்கமும் கும்பிடு போடுகிறார். "நல்லாத்தானேம்மா இருக்கு!" என்றார். பிறகு அவரே குதித்து இறங்கி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு தேநீர் குடிக்க நடந்து போனார். வேண்டும்போது இறங்கிவிடலாம் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? நோட்டை மட்டும் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

விழாவன்று நடக்கமுடியாத யாரோ ஒரு ரப்பர் தோட்டத்துப் பெரியவரை மலைமேல் தூக்கிப்போய்ப் படம் பிடித்திருக்கிறார்கள். அது மண்டபத்துச் சுவரில் மாட்டியிருக்கிறது. தூக்கிய நால்வரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். பெரியவர் கண்ணை இறுக மூடியிருக்கிறார்.

போன வாரம் கிளேபாங்கிலிருந்து ஞானம் என்று ஒருத்தி மூன்று சக்கரத் திரிஷா வண்டியில் வந்தாள். தையல் வேலை செய்கிறாள், உனக்கு வந்த அதே வியாதி. நாற்காலி கிடையாது, தம்பி முதுகில்தான் எங்கேயும் போவாளாம். ராவுத்தர் பாய் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"தூக்காம போற வழி ஒன்னு எழுதி வச்சிருக்காங்களாமே. அச்சுல வந்துச்சே, அதா?"

"அது இல்ல. அது வேற" என்றேன்.

உன் நோட்டைப் பார்த்து அப்படியே எழுதிக்கொடுத்தேன், ஒரு விரல் அளவுகூட விடவில்லை. உன் நாற்காலியையும் கொடுத்தேன், கோபித்துக்கொள்ளாதே. இரண்டு நாள் எங்கள் தெருவிலேயே உருட்டிப் பழகினாள். மூன்றாம் நாள் காலையில் தாளை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். சந்து முனைப் பலகைக்கு வந்ததும் நான் பழக்க தோஷத்தில் பின்னால் போய்க் கைப்பிடியைப் பிடித்தேன்.

"அக்கா, கைய எடுங்க."

"கொஞ்ச தூரம் மட்டும் வர்றேனே ஞானம்."

"நீங்க வரணும்னு இதுல எங்க எழுதியிருக்கு?"

கையை எடுத்தேன். எடுக்க எவ்வளவு கஷ்டமாக இருந்தது தெரியுமா? வாசலுக்கும் தெருவுக்குமாக நடந்து, அவள் எந்தப் பலகையில் இருப்பாள் என்று மணியைப் பார்த்துப் பார்த்துச் செத்தேன். இரண்டு மணிக்குத் திரும்பி வந்தாள். உள்ளங்கை சிவந்து தோல் உரிந்திருந்தது. காலையில் குத்திய முந்தானை ஊசி குத்தியபடியே இருந்தது.

"யாரும் தொடலக்கா" என்றாள்.

உனக்கு நான் தராததை அவளுக்குத் தந்திருக்கிறேன்.

அச்சடித்த தாள் கண்ணில் படுகிற இடத்தில் எல்லாம் உன் பெயரை மை போட்டு அடித்துவருகிறேன். செயலாளருக்கு என்மேல் ஏகக் கோபம், இருக்கட்டும். யார் கேட்டாலும் உன் வழியை என் கையால் எழுதிக்கொடுப்பேன். பலகை மாறினால் போய்ப் பார்த்துத் திருத்துவேன். உன் பெயரைச் சொல்லி இந்த ஊரில் ஒருவரையும், அவர்கள் வாய்திறந்து கேட்காமல், தூக்கவிடமாட்டேன். இது சத்தியம், அக்கா.

கையை எடுத்துக்கொண்ட உன் தங்கச்சி,
புஷ்பம்
காஜா பேராங், மலாக்கா