தலை தெரிந்த பீரோ

என்னங்க,

நான் டியூட்டிக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு மேஜையில் மூடி இருக்கிறது. உங்கள் இடுப்புக்கு வெந்நீர்ப் பையும் பக்கத்திலேயே இருக்கிறது.

நேற்றிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அறை வாசலில் பீரோ மாட்டிக்கொண்டு, நீங்கள் தள்ள முடியாமல் திணறியதைப் பார்த்ததும், பதினெட்டு வருடமாகப் பிரசவ வார்டில் கத்திய வாய் தானாகத் திறந்துகொண்டது. "முக்கும்மா! விடாதே! தலை தெரியுது, இன்னும் ஒரே ஒரு தடவை!" கட்டின புருஷனை 'ம்மா' என்றது தப்புதான். ஆனால் நீங்களும் முக்கினீர்கள், பீரோவும் வந்துவிட்டது. இல்லையென்று சொல்லுங்கள் பார்ப்போம்.

நாலு மணிக்கு மாடி வீட்டு அக்கா வருவார். காலையில் குப்பை போடப் போனபோது, "வீட்லயே பிரசவம் பாத்தியே, என்ன குழந்தை?" என்று பிடித்துக்கொண்டார். அசடு வழிந்துகொண்டு ஓடி வந்துவிட்டேன். நீங்களே பீரோவைக் காட்டிவிடுங்கள்.

பி.கு: பெற்று முடித்ததும் ஒவ்வொருத்தி தலையையும் தடவி ஒன்று சொல்வேன். நேற்று உங்களுக்குச் சொல்ல விட்டுப்போயிற்று. நல்லா பண்ணினீங்கம்மா. தாயும் பீரோவும் நலம்.