ப்ளம் தெருத் திருப்பம்

மெர்டன், நெப்ராஸ்கா
மே 3, 1938

அன்புள்ள தம்பி லேலண்டுக்கு,

வெறும் ஊர்ப் பெயரைப் போட்டு நீ அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்து வந்து சேர்ந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு நாலே வரியா? போகட்டும், உயிரோடு இருக்கிறாயே.

இங்கே பழைய மோட்டார் சாலை போன வழியைக் கண்டுபிடித்துப் பலகை நடப்போகிறார்கள். அந்தக் குழுவில் நானும் உண்டு. அந்த நாளில் வழி காட்டக் கம்பத்துக்குக் கம்பம் அடித்த பச்சைப் பட்டை எங்கே போகிறதோ அதுதானே சாலை. நம் வீட்டுக் கம்பத்துக்கு வருஷா வருஷம் நீதானே அடிப்பாய்! பட்டையைப் பார்த்தே நடந்தோம். நம் பழைய வீட்டைத் தாண்டியதும் அது ப்ளம் தெருவில் திரும்பி, இப்போது நானும் அப்பாவும் குடியிருக்கும் வீட்டு வாசலில் நின்றது. குழுவுக்கு ஒரே குஷி. இந்தத் தெருப் பட்டையை அக்கம்பக்கத்தார் பழக்கதோஷத்தில் அடிக்கிறார்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இந்தச் சந்தில் எந்தக் காலத்தில் சாலை போனது? சுரண்டிப் பார்த்தேன். அடியில் பழைய பூச்சே இல்லை.

அப்பாவிடம் கேட்டேன். "பெட்ரோல் பம்பும் போச்சு, வீடும் போச்சு. அந்தப் பயலுக்குப் புது வீடு எப்படித் தெரியும்? சின்னதுலேருந்து பட்டையைப் பாத்துத்தானே வீடு வருவான்?" என்றார்.

அவருக்கு நெஞ்சுவலி அதிகமாகிவிட்டது. வந்துவிடு.

அன்பு அக்கா,
ஓர்ஃபா

பேக்கர்ஸ்ஃபீல்ட், கலிபோர்னியா
மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

பழைய சாலையில் வண்டி வரத்து நின்றதும் பம்பைப் புது ரோட்டுக்கு மாற்றலாம் என்று சொன்ன ஒரே பாவத்துக்கு, "இனி இந்த வாசலை மிதிக்காதே" என்றவர் அவர். அந்தக் கோபத்தைத்தான் இத்தனை நாள் கட்டிக் காத்தேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நாலு வருஷத்துக்கு முன் நான் வந்தேன். நம் வீட்டு வாசலில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். விசாரிக்க வெட்கம். கிளம்பும்போது பட்டை ப்ளம் தெருவில் திரும்புவதைப் பார்த்தேன், பளிச்சென்று இருந்தது. வெளியூர்க்காரர்களுக்கு வழியை மாற்றிவிட்டார்கள் என்று நினைத்து நேராகப் போய்விட்டேன். அக்கா, நேராகப் போய்விட்டேன்.

இருபத்தைந்தாம் தேதி கிளம்புகிறேன். அப்பாவிடம் சொல்.

உன் தம்பி,
லேலண்ட்

மெர்டன்
மே 17

என் தம்பிக்கு,

உன் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்தேன். நீ வந்துவிட்டுப் போன கதையை மட்டும் விழுங்கிவிட்டேன்.

"வரானா?" என்று எழுந்து உட்கார்ந்தார். "திருப்பத்துக் கம்பத்துல சாயம் மங்கிப் போச்சு. இருட்டினா தெரியாது. டப்பாவை எடு."

"பேசாம படுங்கப்பா, நான் அடிக்கிறேன்."

"உனக்குக் கோடு நேரா வராது."

நான் காபி போட உள்ளே போன நேரத்தில் நழுவிவிட்டார். லேலண்ட், கம்பத்தடியில் சாய்ந்து கிடந்தார். கையெல்லாம் பச்சை. கழுவக் கழுவப் போகவில்லை, அப்படியேதான் அடக்கம் செய்தோம். என்னால் தாங்க முடியவில்லை.

பொய்ப் பட்டையைச் சுரண்டிவிட வேண்டும் என்கிறது குழு. சாலை நேராகத்தான் போனதாம். வாஸ்தவம்தான். என் தம்பி வரும்வரை தொடாதீர்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டிருக்கிறேன்.

திருப்பத்தில் பட்டை பாதிதான் இருக்கும். நேராகப் போய்விடாதே. அங்கேதான் திரும்ப வேண்டும்.

அக்கா