சுண்டிய கடல் தண்ணீர்

காலையில் உன் பழைய சட்டையால் தொட்டிக் கண்ணாடியைத் துடைத்தேன். உப்பு வாடை அடித்தது. பீச் வாடை இல்லை, வேலை முடிந்து வரும்போது உன் கையில் அடிக்குமே, அது. அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

அடையாறு வீடுகளில் கடல் மீன் தொட்டிகளைப் பார்த்துக்கொள்வது உன் வேலை. அங்கே அதிகம் வளர்ந்ததென்று நறுக்கிப் போடும், உயிருள்ள மென்பவளத் துண்டுகளைக் கொண்டுவந்து நம் வீட்டிலும் ஒரு தொட்டி வைத்தாய். திருவான்மியூரில் இருந்தது ஒரே அறை. கட்டிலுக்கு இடமில்லை, பவளத்துக்கு இருந்தது. நான் கிட்டே வந்தால், "சோப்புக் கை, தள்ளி நில்லு. உனக்கு ஒண்ணும் தெரியாது" என்பாய். தெரியாதுதான். நீ சொல்லித் தந்தாயா?

நீ போன பிறகு தொட்டியில் தண்ணீர் நாளுக்கு நாள் இறங்கியது. குறைவது கடல் தண்ணீர், அதையேதான் ஊற்ற வேண்டும் என்று நினைத்து, நீ வைத்திருந்த உப்பைக் கரைத்துக் கரைத்து ஊற்றினேன். பவளமெல்லாம் சுருங்கிவிட்டது. பயந்துபோய் நீ உப்பு வாங்கும் கடைக்குப் போன் போட்டேன்.

"குழம்பு சுண்டிப் போனா இன்னாக்கா ஊத்துவே?" என்றார் கடைக்காரர்.

"தண்ணி."

"உப்பு போடுவியா?"

"எவளாவது போடுவாளா?"

"அப்ப இதுல மட்டும் ஏன் போட்டுகினு கீறே? ஆவியா போறது தண்ணி மட்டும்தான். உப்பு உள்ளயேதான் கீது. நல்ல தண்ணியா கொஞ்சம் கொஞ்சமா ஊத்து."

இவ்வளவுதானா? இதை ஒரு நாள் சோறு தின்னும்போது சொல்லியிருக்கக் கூடாதா நீ? நான் ஊற்றிய உப்பில் ஆறு துண்டில் அஞ்சு செத்தது. காளான் மாதிரி விரியுமே, அது மட்டும் தோலை உரித்துவிட்டு மெல்ல நிமிர்ந்தது.

அன்றைக்கு விடிந்ததிலிருந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாய். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிச் செருப்புகூட மாட்டிவிட்டேன். அடையாறில் நீ தொட்டி பார்க்கும் மாடி வீட்டு அம்மா போன் செய்தார், அவர்கள் தொட்டியில் பம்ப் நின்றுவிட்டதாம். "ஓட்டம் இல்லேன்னா அதுங்க மூச்சு முட்டிப் பூடும்டி. தோ வந்துர்றேன்" என்று போனாய். அவர்கள் வீட்டு லிப்டிலேயே விழுந்தாய்.

காரியத்துக்கு வந்த அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பேட்டரி பம்ப் எங்க அலமாரியிலேயே இருந்திருக்கும்மா. எனக்குப் போடத் தெரியலையே" என்று அழுதார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வீட்டிலும் கை வைக்காதீங்க என்றுதான் சொல்லி வைத்திருந்தாய். எதுவும் உன் கையால்தான் நடக்க வேண்டும். அதில் உனக்கு ஒரு பெருமை.

நேற்று பக்கத்து வீட்டுச் செல்வியைக் கூப்பிட்டு எந்தத் தண்ணீர், எவ்வளவு, கரண்ட் போனால் பேட்டரி பம்ப்பை எப்படிப் போடுவது, எல்லாம் காட்டினேன்.

"எனக்கு எதுக்குக்கா இதெல்லாம்?"

"நாளைக்கு எனக்கு நெஞ்சு வலிச்சா நான் ஆஸ்பத்திரிக்குப் போவணும்டி."

அவள் கையை நீட்டினாள். பம்ப்பை அதில் வைத்தேன். தெரிந்ததையெல்லாம் அவளுக்குச் சொல்லிவிட்டேன். உன்மேல் உள்ள கோபம் மட்டும் என்னிடமே இருக்கட்டும்.