மஸ்கட்டில் ஒரு நேயர்

இன்று காலை உன் கம்ப்யூட்டரைத் திறந்தேன். இரண்டு நாளாக மாவு மெஷின் மாதிரி இரைந்துகொண்டிருந்தது. மூடியைக் கழற்றினால், ஃபேன் இறக்கைகளில் அரக்கு நிறத்தில் பட்டுப் பிசிறு அடை அடையாக ஒட்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் தறி கிடையாது. இது உன் வீட்டுப் பிசிறு. பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். பாதி வந்தது, பாதி வரவில்லை.

துக்கத்தில் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. கோபத்தில் எழுதுகிறேன்.

என்னிடம் வந்தபோது நீ என்ன சொன்னாய்? "ஆரணிக்குன்னு ஒரு ரேடியோடா. இன்டர்நெட்டுல. எங்க கீறவனும் கேக்கணும். நீ மிஷினப் பாத்துக்கோ, நான் வாயப் பாத்துக்கறேன்." கோயில் திருவிழாக்களில் மைக் பிடிப்பவன் நீ. உன் வாய்க்கு ஊரில் பேர் இருந்தது. நான் பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலூரில் ஓர் அலுவலகத்தில் சர்வர் பார்த்துக்கொண்டிருந்தேன். நம்பினேன்.

பழைய பாகங்களைப் பொறுக்கி ஒரு கம்ப்யூட்டர் செய்தேன். பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யிலிருந்து லினக்ஸ் ஏற்றினேன். சவுண்ட் கார்டு என்று ஒன்று இருப்பதையே அது ஒப்புக்கொள்ளவில்லை. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின. மைக்கில் வரும் ஒலியைச் சுருக்கி அனுப்ப ஒரு நிரல், அதை வாங்கிக் கேட்பவர்களுக்கெல்லாம் பங்கிட ஐஸ்காஸ்ட் என்று இன்னொரு நிரல். டெலிபோன் லைனில் வந்த பிராட்பேண்ட், இறக்குவதற்குத் தாராளம், ஏற்றுவதற்கு மகா கஞ்சன். அதனால் ஒலியின் தரத்தைக் குறைத்துக் குறைத்து, ஒரே நேரத்தில் பத்துப் பேர் கேட்டாலும் தாங்கும் என்கிற அளவுக்குக் கொண்டுவந்தேன். பதினோராவது ஆள் வந்தால் என்ன செய்வது என்று கவலை வேறு பட்டேன். மடையன்.

பெட்டியை உன் வீட்டு முன்னறையில் வைத்தாய், அம்மா நெய்யும் தறிக்குப் பக்கத்தில். மைக்கில் உன் குரலைவிடத் தறிதான் அதிகம் கேட்டது. பேசுவதையெல்லாம் அமாவாசையன்று பதிவு செய்துவிடலாம் என்றேன். அன்றைக்குத்தான் நம் தெருவில் தறிக்கு லீவு. மற்ற நாளில் கரண்ட் போனால்கூடக் கைத்தறி நிற்காது. பகலில் தெரு மொத்தமும் அடங்குவதென்றால் ஒன்று அமாவாசை, இல்லையென்றால் சாவு. பிணம் தெருமுனையைத் தாண்டும்வரை ஒருத்தரும் தறிக்குழியில் இறங்க மாட்டார்கள். நான் சொன்னதை நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை. சரி, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று இரைச்சலை வடிகட்டும் நிரல் ஒன்றை எழுதி ஏற்றினேன். சுத்தமாக வந்தது. மறுநாளே சண்டைக்கு வந்தாய்.

"இன்னாடா பண்ணி வெச்சிகினு கீற? தறி சத்தத்தக் காணோம்."

"அதுக்குதான்டா பண்ணேன். ரேடியோன்னா பேச்சு கேக்கணும். தறியப் போட்டா எவன் கேப்பான்?"

"கேக்கறவங்க கேப்பாங்க. எடுத்ததத் திருப்பி வெய்."

"லூசாடா நீ?"

"ஆமா, லூசுதான். வெய்யி."

வைத்தேன். நீ பேசுவதோ சாயங்காலம் ஒரு மணி நேரம். மீதி நேரம் மைக்கை மூடு என்றாலும் மூடவில்லை. நாள் முழுக்கத் தறியும், அம்மா பாத்திரம் உருட்டுவதும், "தண்ணி வந்திச்சா?" என்று எதிர்வீட்டுக்குக் குரல் கொடுப்பதும் உலகமெல்லாம் போய்க்கொண்டிருந்தன. உலகம் எங்கே கேட்டது? சர்வர் பதிவைப் பார்த்தால் சாயங்காலத்தில் நம் கூட்டாளிகள் நாலைந்து பேர். ஒரே ஒரு முகவரி மட்டும் காலையில் ஒட்டிக்கொண்டால் இருட்டும்வரை விடாது. மஸ்கட். "உனக்கு அரபு நாட்டுல ஒரு ரசிகன்டா" என்று காட்டினேன். "வேலவெட்டி இல்லாதவனா இருப்பான்" என்று சிரித்தாய்.

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

உன் அக்கா விமலா ஒரு கிறிஸ்தவப் பையனைக் கட்டிக்கொண்டு போனது தெருவுக்கே தெரியும். எங்கே போனாள் என்று யாரும் கேட்டதில்லை. அந்தப் பெயர் வீட்டில் ஒலிக்கக் கூடாது என்பது உன் அப்பா போட்ட சட்டம். போன் வந்தால் அவர்தான் எடுப்பார். சட்டத்துக்கு நீயும் கட்டுப்பட்டாய், அம்மாவும் கட்டுப்பட்டாள் என்று நினைத்தேன்.

யு.பி.எஸ். பேட்டரி வீங்கிவிட்டது, கரண்ட் போனால் ரேடியோ நின்றுபோகிறது என்று உனக்கு ஒரே பேஜார். அடுத்த வாரம் நானே வாங்கி வருகிறேன் என்றேன். "ஜல்தியா போய்ட்டு வந்துடறேன்டா" என்று வண்டியை எடுத்தாய். திரும்பும்போது கண்ணமங்கலம் ரோட்டில் லாரி.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கொண்டுவந்தார்கள். வேன் தெருவுக்குள் நுழைய நுழைய, ஒவ்வொரு வீடாகத் தறி நின்றது. உன்னைக் கூடத்தில் கிடத்தினார்கள். அழத் தெரியாமல் நான் முன்னறையில் போய் உட்கார்ந்தேன். நீ மூடாமல் விட்ட மைக் அப்படியே இருந்தது. அப்போது என் செல்போன் அடித்தது. நம் ரேடியோ பக்கத்தில் குறைகளுக்கு என்று என் நம்பரைத்தான் போட்டிருந்தோம்.

"தம்பி, நான் விமலாப்பா. இன்னிக்கு அமாவாசைகூட இல்லியே. தறி ஏன் நின்னுச்சி? யாரு?"

மஸ்கட் யாரென்று அந்த நொடியில் புரிந்தது. சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. "அக்கா, உன் தம்பிதான்" என்றேன். அவள் அழுதாள். பிறகு, "அந்த மைக்க மட்டும் நிறுத்திடாதப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

உன் அம்மா அதுவரை வாய் திறக்காமல் உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். திடீரென்று முன்னறைப் பக்கம் திரும்பி ஒப்பாரி வைத்தாள். "விமலா... ஏ விமலா... கடலுக்கு அந்தாண்ட கேக்குதாடி? உன் தம்பி பேசாம படுத்துகினு கீறாண்டி..." கூட்டம் விறைத்துப்போனது. ஒப்பாரி வைக்கிறவளின் வாயை அடைக்க நம் ஊரில் எந்த ஆம்பளைக்கும் உரிமை இல்லை. உன் அப்பா அவளைப் பார்த்தார், அவள் பார்த்துக்கொண்டிருந்த பெட்டியைப் பார்த்தார். எழுந்து முன்னறைக்கு வந்தார்.

"இந்தப் பொட்டிதானா?" என்று என்னைக் கேட்டார். பதிலுக்கு நிற்காமல் மானிட்டர் பொத்தானை அழுத்தினார். திரை இருண்டது. நிறுத்திவிட்ட திருப்தியில் வெளியே போனார். மேஜைக்கடியில் கம்ப்யூட்டரின் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

"அது வர்றவரைக்கும் வெச்சிருக்கலாமா?" என்று விமலாவின் பெயரைச் சொல்லாமல் உன் மாமா ஒருத்தர் மெல்லக் கேட்டார். "எது?" என்றார் உன் அப்பா. பேச்சு அதோடு முடிந்தது. தூக்கினோம். வலது பக்கம் முன்னால் நான். சுடுகாட்டில் போனை எடுத்துப் பார்த்தால் அவளிடமிருந்து ஒரு மெசேஜ், நாம் முனை திரும்பியிருக்கும் நேரத்துக்கு வந்தது: "தறி ஓடுது. எடுத்துட்டாங்களா."

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்னடா? ஊருக்கு ரேடியோ என்று என்னை ஒருவழிக் குழாய் கட்ட வைத்தாய். அவளுக்கு இங்கே நடப்பதெல்லாம் கேட்டது. அவள் அங்கே அழுதது உன் அம்மாவுக்குக் கேட்கவே இல்லை. அக்காவுக்கு என்று சொல்லியிருந்தால் திரும்பிவரும் வழியையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் போட்டுக் கொடுத்திருப்பேன். என் வாய்க்குப் பூட்டு கிடையாது என்று பயந்தாயா? கிடையாதுதான். ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

காரியம் முடிந்ததும் உன் அப்பா பெட்டியை என் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். எங்கள் மாடி ஜன்னலில் மைக் கட்டியிருக்கிறேன். உன் அம்மாவின் குரல் இவ்வளவு தூரம் வராது. தெருவின் தறிகள் வரும். அறிவிப்பு கிடையாது, பாட்டு கிடையாது, வடிகட்டியும் கிடையாது. துடைத்து மூடிவிட்டு இப்போதுதான் போட்டேன். பதிவில் ஒரு நேயர்.

நாளைக்கு அமாவாசை. அவள் வீட்டிலும் தினசரிக் காலண்டர் மாட்டியிருக்கிறது, அவளுக்கே தெரியும். ஆனாலும் மாதா மாதம் முந்தின நாளே மெசேஜ் போட்டுவிடுகிறேன். இன்றைக்கும் போட்டேன்: "அக்கா, நாளைக்குத் தறி கேக்காது. ஒண்ணுமில்ல, அமாவாசைதான்."