இரண்டாம் மாத ஊசி

மார்ச் 6

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

இங்கே நானும் பாப்பாவும் நலம். இன்ஜின் அறைச் சூட்டில் வேளைக்குத் தண்ணீர் குடிக்கிறீர்களா? கப்பல் எப்போதோ ஒருநாள் கரை சேர்ந்து நீங்கள் போன் செய்தால், நாம் இரண்டு பேரும் சண்டை போட்டுக் கத்திவிட்டு வைத்துவிடுகிறோம். அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

பாப்பாவுக்கு முடி கம்பி கம்பியாக நிற்கிறது. எண்ணெய் வைத்துப் படிய வாரினாலும் கேட்பதில்லை. அப்பன் புத்தி.

கிளினிக் நர்ஸ் அட்டையில் தேதி போட்டுக் கொடுத்துவிட்டார். இரண்டு மாசம் முடிந்ததும் தடுப்பூசியாம். எனக்குத்தான் மனசு வரவில்லை. குறைமாதப் பிள்ளை, தொடை என் கட்டைவிரல் பருமன்தான். அக்கா பையனுக்கு ஊசி போட்ட அன்று சாயங்காலம் வலிப்பு வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். "காய்ச்சல்ல வர்றதும்மா, பயப்படாதீங்க" என்றார் டாக்டர். அவன் இப்போது சுவர் ஏறிக் குதிக்கிறான், தெரியும். ஆனாலும் அந்தக் கண் சொருகியது என்னை விட்டுப் போகவில்லை. போடவே வேண்டாம் என்று சொல்லவில்லை. கொஞ்சம் சதை பிடிக்கட்டும், நாலு மாசம் ஆகட்டும். சரி என்று ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் டீச்சர்

*

மார்ச் 20

டீச்சர் அவர்களுக்கு, கடைசி பெஞ்ச் மாணவன் எழுதுவது.

முடி பற்றிய புகாரை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ கேட்ட அந்த ஒரு வரியை எழுத மாட்டேன்.

கப்பலில் மருந்துப் பெட்டிக்குப் பொறுப்பான அதிகாரி மூன்று பிள்ளை பெற்றவர். அவரைக் கேட்டேன். "சின்னதா இருக்கிற பிள்ளைக்குத்தான்யா தள்ளிப்போடவே கூடாது. கக்குவான் இருமல் வந்தா நாம இருமிட்டுப் போயிடுவோம். அதுக்கு மூச்சே நின்னுடும்" என்றார். சதை பிடிக்கட்டும் என்று காத்திருக்க, வியாதி என்ன உன் வகுப்புப் பிள்ளையா, கைகட்டி வாசலில் நிற்க?

உன் பயத்துக்கு என் பிள்ளையைப் பலி கொடுக்காதே. தேதி தவறாமல் கூட்டிக்கொண்டு போ.

பாப்பா அப்பா

*

ஏப்ரல் 2

பாப்பா அப்பாவுக்கு,

உங்கள் பிள்ளையா? அப்படியானால் நான் யார், ஆயாவா?

ஊசிக்கு அதன் காலை அமுக்கிப் பிடிக்கப்போவது நான். உடம்பு கொதித்தால் ஈரத்துணியோடு உட்காரப்போவதும் நான். கடல் நடுவே இருந்துகொண்டு சட்டம் பேசுவது சுலபம். பலி என்கிற வார்த்தையை எழுதி, உறை ஒட்டி, தபாலில் சேர்க்கும்வரை உங்களுக்குக் கோபம் ஆறவே இல்லையா?

தேதி போய்விட்டது. நான் போகவில்லை. பாப்பா நன்றாகப் பால் குடிக்கிறாள்.

டீச்சர்

*

ஏப்ரல் 15

என் அன்பு டீச்சருக்கு,

உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. என்ன வார்த்தை எழுதிவிட்டேன். நாக்கில் சனி என்பார்கள், எனக்குப் பேனாவில்.

பெற்றவள் நீ, பார்த்துக்கொள்பவள் நீ. உனக்கு எப்போது தைரியம் வருகிறதோ அப்போது போடு. நாலு மாசம் என்றால் நாலு மாசம். இனி இதைப் பற்றி நான் வாயே திறக்க மாட்டேன், சத்தியம். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கிறாய் என்ற நினைப்போடு இந்த இன்ஜின் சத்தத்தில் என்னால் இருக்க முடியாது. ஒரு முறை "அன்புள்ள" என்று எழுது, போதும்.

உன் பாப்பா அப்பா

*

மே 21

என் அன்பு டீச்சருக்கு,

கம்பெனி வழியாக ரேடியோவில் தகவல் வந்தது. இரண்டே வரி. பாப்பாவுக்குக் கக்குவான், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. அவ்வளவுதான். மூச்சு விடுகிறாளா, பால் குடிக்கிறாளா, ஒன்றும் தெரியவில்லை. கேப்டனிடம் ஓடினேன். "கப்பலை எங்கேய்யா திருப்புறது? கரை வந்ததும் முதல் ஆளா உன்னை இறக்கி விடறேன்" என்றார் பாவம். நான் போய்ப் பம்பைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். மாட்டியதை மறுபடியும் கழற்றினேன். வேறு என்ன செய்ய?

உன்னை ஒரு சொல் சொல்ல மாட்டேன். அந்தக் கடைசிக் கடிதத்தையாவது சண்டை இல்லாமல் எழுதினேனே என்பதுதான் எனக்கு இப்போது ஒரே ஆறுதல்.

உன் பாப்பா அப்பா

*

ஜூன் 9

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

பிழைத்துவிட்டாள். முதலில் இதைப் படித்துவிடுங்கள். நேற்று வீட்டுக்கு வந்தோம்.

உங்களிடம் சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை. எதிர்வீட்டு அம்மாவின் பேரனுக்கு இருமல் என்று கேட்டதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. பாப்பாவைக் குளிப்பாட்டி, அட்டையை எடுத்துப் பையில் வைத்து, கதவைப் பூட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் தபால்காரர் உங்கள் கடிதத்தைக் கொடுத்தார். படியிலேயே நின்று படித்தேன். நாலு மாசம் என்றால் நாலு மாசம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கதவைத் திறந்து உள்ளே போய்விட்டேன்.

டாக்டரிடம் கேட்டேன், அன்றைக்கே போட்டிருந்தால் என்று. "இவ்வளவு மோசமா வந்திருக்காதுனு நினைக்கலாம். சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாதும்மா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இருமல் இன்னும் எத்தனை வாரம் இருக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. வரும்போது நிமிர்த்திப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் செய்ய முடியும். உதடு நீலமானால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரச் சொன்னார்கள். நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். உடம்பு தேறியதும் எல்லா ஊசியும் போடவேண்டும் என்றார்கள். சரி என்றேன்.

பழி உங்கள் மேல் இல்லை. தள்ளிப்போட்டது நான். ஆனால் ஒன்று கேட்கிறேன், கொடுங்கள். இனி என் முகம் வாடுகிறதே என்று எதையும் விட்டுக்கொடுக்காதீர்கள். கத்துங்கள். நானும் கத்துகிறேன். போனை வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டுக் கத்துங்கள்.

இதோ, ஆரம்பித்துவிட்டாள்.

மூச்சு வந்துவிட்டது. என் தோளில் கிடக்கிறாள். ஒரு கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். சீக்கிரம் வந்து சேருங்கள்.

உங்கள் டீச்சர்